ரோலர் லைசென்ஸ் உள்ள ஒரே ஆள்

ரோலர் ஓட்டுகிறவனுக்கு மரியாதையும் கிடையாது, லீவும் கிடையாது.

காஞ்சிபுரத்தில் ரோடு போடும் ஒரு கான்ட்ராக்டரிடம் நான் டிரைவர். சிவப்புக் கொடி நட்டு அடைத்த ரோட்டில் ரோலரை யார் உருட்டினாலும் கேட்பாரில்லை. அதையே பொதுச் சாலையில் இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகத் தனி லைசென்ஸ் வேண்டும். அது என் ஒருவனிடம்தான் இருந்தது. காய்ச்சலானாலும் கருடசேவையானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உங்கள் தலையிலும் இப்படி எதையாவது கட்டியிருப்பார்கள், உங்களுக்குப் புரியும்.

கான்ஸ்டபிள் கை காட்டினார்

பட்டுக்கடைத் தெருவில் ஒரு புதுக் கான்ஸ்டபிள் நிறுத்தச் சொன்னார். அவர் காட்டிய இடத்துக்கு வண்டி போய்ச் சேரவே கொஞ்ச நேரமானது. லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத வச்சிக்கினு லாரி ஓட்டலாமா?"

"கூடாதுங்க."

"காரு?"

"அதுவும் கூடாதுங்க. ரோலர் மட்டும்தான்."

லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "இத்த ஓட்டிக்கினு நீ எங்க ஓடிடப் போற, போப்பா."

கோவிந்தனின் டெஸ்ட்

என் மகளுக்கு வாலாஜாபாத்தில், மாப்பிள்ளை வீட்டில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. அன்றைக்கு நான் லீவு போட இன்னொருவனுக்கு லைசென்ஸ் வேண்டும். கூட வேலை செய்த கோவிந்தனைக் கெஞ்சி டெஸ்ட்டுக்கு அழைத்துப் போனேன். அவன் பல வருஷமாக அடைத்த ரோட்டிலேயே ரோலர் உருட்டியவன்.

செவிலிமேடு ரோட்டில் நேராகப் போகச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கூடவே நடந்தார். கோவிந்தன் கொஞ்ச தூரம் போனான், நின்றான், பின்னால் வந்தான். மறுபடி போனான், மறுபடி பின்னால் வந்தான். நான் ஓரத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "ஏம்பா, ரோட்டுல போன்னா, நீ ரோடு போட்டுக்கினு இருக்கிறியே!"

நிச்சயதார்த்தம்

லீவு போச்சு. அதே நாள் காலையில் ரோலர் வாலாஜாபாத்தில் இருக்கவேண்டும் என்றார் மேஸ்திரி. அந்த ஊருக்குத்தானே போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பட்டு வேட்டியை மஞ்சள் பையில் சுருட்டி வைத்து, விடியும்போதே கிளம்பினேன். வைக்கோல் வண்டியெல்லாம் என்னை முந்திக்கொண்டு போனது. பாதி வழியில் என் வீட்டார் ஏறிய பஸ்ஸும் தாண்டிப் போனது. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரோலரை ஒப்படைத்துவிட்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு ஓடினேன். பந்தலில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நல்ல நேரம் தாண்டிவிடும் என்று என் இடத்தில் என் தம்பி நின்று தட்டு மாற்றி முடித்திருந்தான். மகள் வந்து, கிரீஸ் போகாத என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோச்சிக்காதப்பா. தட்டு மாத்த லைசென்ஸ் வாணாமாம், சித்தப்பாவே மாத்திட்டாரு."

ஆக, இந்த உலகத்தில் என்னைத் தவிர வேறு யாரும் செய்யக் கூடாத காரியம், அந்த ரோலரை வாலாஜாபாத்துக்குக் கொண்டுபோனது ஒன்றுதான்.