ஒரே தளத்தில் இரண்டு பங்காளிகள்

ஜெனிஃபருக்குப் பேச்சு கொஞ்சம், வேலை அதிகம், குறும்பு அதைவிட அதிகம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற என் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் உட்கார்ந்துதான் அவள் பைத்தானில் வெப்சைட் எழுதுகிறாள். காலனியில் இருக்கிற கொத்தனார் சாமுவேலின் மகள். ஏனாத்தூரில் எம்.சி.ஏ. படித்துவிட்டு, சென்னையில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவள். "ஏன்டி திரும்பி வந்தே?" என்று யார் கேட்டாலும், "தேவகி அக்கா கடையில கரண்டு பில்லு நான் கட்ட வேணாமே" என்பாள். எனக்கு வயிறு எரியும். உண்மை அதுதான், தொலையட்டும்.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலுக்கு ஒரு வெப்சைட் வேண்டும், திருவிழாப் படமெல்லாம் அதில் வரவேண்டும் என்று வாலிபப் பசங்கள் ஆசைப்பட்டார்கள். வேலை இவள் தலையில் விழுந்தது. கூடவே ஊரின் பழைய தலைவலியும் விழுந்தது. தாண்டவராயனும் ஏகாம்பரமும் பங்காளிகள். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று முட்டிக்கொண்டு, ஒரு வருஷம் இவருக்கு, மறு வருஷம் அவருக்கு என்று ஊர்க்கூட்டத்தில் தீர்ந்தது. மரியாதைச் சண்டைதான் தீர்ந்தது. பேச்சு நின்றது நின்றதுதான்.

தாண்டவராயன் கடைக்கே வந்துவிட்டார்.

"இந்தாம்மா, என் படத்தையெல்லாம் எங்க வெப்ப?"

"க்ளவுடுல ஐயா. ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டர்ல எடம் வாடகைக்குப் புடிச்சி வெக்கிறது."

"அவன் படம்?"

"அதே எடத்துலதான்."

"இன்னா பேசற நீ? அவனும் நானும் ஒரே வூட்ல குடித்தனமா? என் படம் கீற எடத்துல அவன் நெழல் வுழக் கூடாது!"

மறுநாள் ஏகாம்பரம் வந்து, சொல்லிவைத்தாற்போல அதையே சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெனிஃபர் மட்டும் பயபக்தியோடு தலையாட்டினாள். தாண்டவராயன் பேரில் ஒரு அமெரிக்கக் கம்பெனியில் கணக்குத் திறந்தாள். ஏகாம்பரத்துக்கு வேறு கம்பெனி. அதுவும் அமெரிக்கக் கம்பெனிதான், கேட்டால்தானே சொல்வதற்கு. எது பெரிய கம்பெனி என்று இருவரும் தனித்தனியாக வந்து கேட்டார்கள். "உங்களுதுதான் ஐயா" என்று இருவரிடமும் கூசாமல் சொன்னாள்.

தளத்தின் நடுவில் தரகர் மாதிரி ஒரு புரோகிராம் எழுதி வைத்தாள். தளம் "படம் கொடு" என்று மட்டும்தான் கேட்கும். அது எந்தக் கம்பெனிக் கிடங்கில் கிடக்கிறது என்பது தரகர் கவலை. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே ஆல்பம். அதோடு நிறுத்தினாளா? இவர் படங்களுக்கு நகல் எடுத்து அவர் கிடங்கிலும், அவர் படங்களுக்கு நகல் எடுத்து இவர் கிடங்கிலும் போட்டாள். ஒரு கிடங்கு படுத்துக்கொண்டால் தரகர் மற்றதிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவாராம்.

"அடிப்பாவி, தெரிஞ்சா ஊரு ரெண்டாயிடும்டி!"

"ரெண்டு பேரும் கோவக்காரங்கக்கா. கோவக்காரங்கள நம்பி ஒரே எடத்துல வெச்சா உருப்படுமா?"

இப்படியே சில மாதங்கள் ஓடின. தாண்டவராயன் மகள் சசிரேகாவுக்குச் செய்யாற்றிலிருந்து வரன் வந்தது. பெண்ணுக்கும் பையனுக்கும் போனில் பேசியே மனசு ஒத்துப்போய்விட்டது. பையனின் பெரியப்பாதான் முட்டுக்கட்டை. முதல் மரியாதை வாங்குகிற குடும்பம் என்று சொன்னால் போதாதாம், கண்ணால் பார்க்க வேண்டுமாம். "டிவியிலயே காட்றேன், வாங்க" என்று தாண்டவராயன் வீரம் பேசிவிட்டார்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள், அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'உங்கள் இடம் நிரம்பப் போகிறது.' வரப்புத் தகராறிலேயே வளர்ந்த மனுஷன். என் இடம் எப்படி நிரம்பும், ஏகாம்பரம்தான் உள்ளே நுழைந்து ஆக்கிரமிக்கிறான் என்று முடிவு கட்டினார். சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி என்பதுதான் வேடிக்கை. ஆனால் திறந்து பார்த்தாரா? யாரையாவது கேட்டாரா? மொத்தத்தையும் அழித்துக் கணக்கையே மூடிவிட்டார். உறுதியா, உறுதியா என்று போன் கேட்டதாம். உறுதி, உறுதி என்று அழுத்தினாராம்.

ஒரு காலத்தில் காலனிப் பெண்கள் பின்வாசலோடு நின்ற வீடு அது. மறுநாள் செய்யாற்றுக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும், என்னோடு வந்த ஜெனிஃபர் அந்த வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லேப்டாப்பை டிவியில் மாட்டினாள். தாண்டவராயனே அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். காரியம் ஆக வேண்டுமே! கொடுத்துவிட்டுக் குனிந்து பெருமையாகக் கிசுகிசுத்தார்.

"நேத்து அவன் சரக்கையெல்லாம் வெளிய தள்ளிட்டேன். மொத்தமா அழிச்சிட்டேன்."

"மொத்தமான்னா உங்க படமுந்தான் ஐயா போச்சி."

சசிரேகா காதிலும் அது விழுந்தது. பட்டுப்புடவையோடு என் கையைப் பிடித்தாள். "அக்கா, இவரத் தவுர வேற யாரையும் நான் கட்டிக்க மாட்டேன்" என்றாள்.

"இன்னாங்க, காட்டுங்க" என்றார் பெரியப்பா.

ஜெனிஃபர் ஒரு தட்டுத் தட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது. கொஞ்சம் அதிகமாகவே சுற்றியது. பிறகு வந்தார் தாண்டவராயன், தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை, பக்கத்தில் சசிரேகா. பெரியப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். தட்டையும் சேர்த்துத் தின்னாத குறையாகப் பஜ்ஜி சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வண்டி தெரு திரும்பியதும் தாண்டவராயன் ஜெனிஃபரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கேர்ந்து வந்திச்சி?"

"ஏகாம்பரம் ஐயா எடத்துலேர்ந்து. இனிமே அங்க மட்டுந்தான் கீது. திருப்பி எடுக்கணும்னா நீங்களே போயி அவரக் கேக்கணும்."

பச்சைப் பொய்! அவளிடம் ஏகாம்பரம் கணக்கின் சாவியும் இருந்தது. காபி குடிக்கிற நேரத்தில் எடுத்துவிடுவாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள்.

மூவரும் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனோம். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாண்டவராயன் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"என் படம் உன் எடத்துல கீதாம். எடுத்துக்கணும்."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"போன்ல தெறந்தா தெரியுதே. மொதல்லேர்ந்து பாத்துக்கினுதான் கீறேன். பரிவட்டத்தக் கோணலா கட்டிக்கினு நிக்கிற. இந்தப் பொண்ணு வேலதான்னு அப்பவே புரிஞ்சிபோச்சி."

ஜெனிஃபர் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தலை குனிந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"பாத்துமா அழிக்கல?"

"எதுக்கு அழிக்கணும்? உன் பக்கத்துல சசிரேகா நிக்கிது. நான் தூக்கி வளத்த கொயந்த."

தாண்டவராயன் அப்படியே படியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"உன் படம் என் எடத்துல இருந்திச்சிடா. எல்லாத்தையும் நேத்து நான் அழிச்சிட்டேன்டா."

ஏகாம்பரம் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"போனா போவுது வுடு. நிச்சயம் என்னிக்குன்னு சொல்லு. தட்டு மாத்த பங்காளி வேணாமா?"