பத்தியோடு சண்டை போட்ட ஜீவராணி

கந்தப்பளைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஜீவராணியிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் யாரும் இல்லை. வாய்க்கு இருந்த தெம்பு இடுப்புக்கு இல்லை. பத்தொன்பது வருடம் கொழுந்து பறித்த இடுப்பு, இனி மலை ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. நல்லவேளையாக, தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தல் வந்தது. அதற்கு வாசிப்புப் பரீட்சை ஒன்று உண்டு. தேறினால் வேலை, தவறினால் மறுபடியும் கூடைதான்.

மகள் தக்ஷிகா பழைய வினாத்தாள்களோடு வந்து உட்கார்ந்தாள். "பத்தி மொத்தமா எதச் சொல்லுதோ அதுதான் மையக்கருத்து. மத்ததெல்லாம் துணை விவரம்மா."

இது கற்பூரம் போலப் பற்றிக்கொண்டது. மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அரைமணி நேரம் மருமகளைத் திட்டி ஓய்ந்ததும், "ஒங்களுக்கு இன்னும் தேத்தண்ணி வரல, அதான மையக்கருத்து? மத்தது துணை விவரம்க்கா" என்றாள் ஜீவராணி. அம்மாக்கண்ணு இரண்டு நாள் பேசவில்லை.

வம்பு வேறிடத்தில் இருந்தது. பசு தினமும் இருபது லிட்டர் பால் தரும் என்று பத்தி சொன்னால், இவள் நான்கு என்று எழுதினாள்.

"முத்துலிங்கம் அண்ணன் மாடு நாலுக்கு மேல கறந்ததே இல்லடி!"

"பத்தியில உள்ளதத்தாம்மா எழுதணும்."

"பொய்யா இருந்தாலுமா?"

தக்ஷிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

பரீட்சையன்று போதாத காலம், தேயிலையைப் பற்றியே பத்தி வந்தது. குளிர்காற்றில் பாடிக்கொண்டே கொழுந்து பறிப்பது எளிய, இனிய வேலையாம். ஜீவராணிக்கு இரத்தம் கொதித்தது. 'பத்தியின்படி இது எத்தகைய வேலை?' என்பது கேள்வி. பேனாவை மூடினாள், திறந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு 'எளிய வேலை' என்று எழுதினாள். பத்தொன்பது வருடத்தையும் தன் கையாலேயே அழித்ததுபோல் வலித்தது.

கடைசிக் கேள்வி: 'எழுதியவரைப் பற்றி நீங்கள் ஊகிப்பது என்ன? பத்தியிலிருந்து காரணம் காட்டுக.'

அவள் எழுதினாள்: 'இவர் கொழுந்து மலையில் கால் வைத்ததே இல்லை. பத்தி முழுவதிலும் அவரை ஓர் அட்டைகூடக் கடிக்கவில்லை.'

வேலைக் கடிதத்தோடு விடைத்தாளும் வந்தது. அந்த விடைக்கு முழுப் புள்ளி. ஓரத்தில் திருத்தியவர் 'உண்மை' என்று எழுதியிருந்தார். கடிதத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, அந்த ஒரு சொல்லையே ஜீவராணி திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள்.