டப்பாவின் பின்பக்கம்

விஜயம் எந்த டப்பாவையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் அச்சடித்திருப்பதை உதடு அசையப் படிப்பாள். பேக்கிங் பவுடர், கொக்கோ, ஆளிவிதை, எல்லாவற்றுக்கும் இதே. போன வாரம் வாங்கிய அதே பாக்கெட்டை இந்த வாரமும் படிப்பாள். கிழக்கேகோட்டைக் கடைக்காரர் நாஞ்சில்நாட்டுக்காரர். "மாமி, பரீட்சைக்கா படிக்கிய?" என்பார்.

"தோத்த பரீட்சைக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாக்கெட்டை எடுப்பாள்.

கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவொன்றில் வீடு. பின்கட்டு அறையில், விற்பதற்குக் கேக் சுடும் அடுப்பு. அந்த அறைக்குக் கோதுமை வரக்கூடாது. கணவர் சேஷனுக்குச் சப்பாத்தி ஆசை வந்தால் ஓட்டலுக்குப் போகிறார். திரும்பி வந்ததும் கை கழுவி, சட்டை மாற்றி, பின்கட்டு நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். ஒரு காலத்தில் மடி பார்த்த அறை. இப்போது மாவு பார்க்கிறது.

ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காயைச் சீவி மாடியில் உலர்த்தி அவளே பொடிக்கிறாள். கூட ராகி, தினை. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், வெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய். ஆளிவிதைப் பொடி தண்ணீரில் ஊறிக் கொழகொழப்பானதும் முட்டையின் வேலையைச் செய்கிறது. முட்டை அந்தத் தெருவில் என்றும் இல்லை. நெய்யைக் கைவிட்டதுதான் பேச்சானது.

"கோதுமை இல்லாத கேக், வெண்ணெய் இல்லாத கேக். அடுத்தது கேக்கே இல்லாத கேக்கா?" என்பார் சேஷன்.

"அது உங்களுக்குத்தான். ஏற்கெனவே பண்ணி வெச்சாச்சு."

கழக்கூட்டத்துக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். "ஆன்ட்டி, இது சேஃப் அல்லே?" என்று போனில் மலையாளத்தில் கேட்பார்கள். பதிலாக, சேர்த்த ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புவாள். அவளிடம் வாங்குகிற எங்களில் அத்தனை பேரும் பார்ப்பதில்லை. டப்பாவின் மேல் ஒரு சீட்டும் ஒட்டுவாள்: உள்ளே என்னென்ன இருக்கிறது, யாருக்கு. பெயரைக் கையால் எழுதுவாள்.

இது எல்லாம் மகன் அனந்துக்காகத் தொடங்கியது.

அவனுக்குப் பதினோரு வயதில், கோதுமை குடலுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். கூடவே பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. சப்பாத்தி, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. வயிற்றுவலி போகவில்லை. ஒரு வருஷம் கழித்து ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர், "எங்கேயோ கோதுமை உள்ளே போகிறது" என்றார். விஜயத்துக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூட வாசல் பேக்கரி. பஃப்ஸ்.

பையைத் துழாவினாள். வாயை மோந்து பார்த்தாள். "தின்னலைம்மா" என்றான், தினமும். ஒரு வெள்ளிக்கிழமை பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். தேங்காய் உடைக்கிற இடத்தில், கூட்டத்துக்கு நடுவில், ஒரு தேங்காயை அவன் கையில் கொடுத்தாள். "தின்னேன்னு ஒத்துண்டு உடைடா. சாமி மன்னிச்சுடுவார்."

"நான் தின்னலை" என்று சொல்லி உடைத்தான்.

"பொய்ச் சத்தியமா பண்றே?" என்று அங்கேயே கன்னத்தில் அறைந்தாள்.

அதன்பிறகு இரண்டு வருஷம் அவன் வலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. முகம் சுருங்குவதை வைத்து அவளே கண்டுபிடித்து, வெந்நீரில் பெருங்காயம் கரைத்துக் கொடுப்பாள். வயிற்றுக்கு நல்லது. ரசத்தில் போடுவதைவிட இதில் ஒரு சிட்டிகை கூடுதல்.

ஒரு நாள் பெருங்காய டப்பா கைதவறி விழுந்து உருண்டு, பின்பக்கம் தெரியக் கிடந்தது. சேர்மானப் பட்டியலில் கோதுமை மாவு இருந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவனிடம் சொன்னாள். "ஓ" என்றான். அடுக்களைக்குப் போய் டப்பாவைப் படித்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தான். அன்று முதல் தனக்கான சோற்றைத் தானே வடித்துக்கொண்டான்.

இப்போது வயது இருபத்தாறு. கழக்கூட்டத்தில் ஃப்ளாட், உடம்பு தேறிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. தவறாமல் போன் செய்கிறான். வீட்டுக்கு வந்தால் இளநீர் மட்டும் குடிக்கிறான். இளநீருக்குப் பின்பக்கம் இல்லை. விஜயம் அவனைப் பார்க்கப் போகும்போது, பழவங்காடி வழியே போகாமல் இரண்டு தெரு சுற்றி பஸ்ஸுக்குப் போகிறாள்.

வாரம் ஒரு டப்பா அவனுக்கும் போகிறது. சீட்டில் 'அனந்த்' என்று எழுதியிருக்கும். டப்பா காலியாகத் திரும்பி வரும். அதைக் கழுவும்போது அவள் முணுமுணுவென்று பாடுவாள் என்று சேஷன் என்னிடம் சொன்னார். போன மாதம் அவளே டப்பாவோடு போயிருந்தாள். ஃப்ளாட் வாட்ச்மேன் லிங்கம், நாகர்கோவில் பக்கத்து ஆள், எழுந்து வந்து கும்பிட்டார்.

"ஒங்க கேக்கு கொள்ளாம், நல்ல ருசி கேட்டேளா அம்மா. தம்பி எல்லா வாரமும் எனக்குல்லா தருவாரு. என் மவளுக்கு அதுன்னா உசுரு."

"சந்தோஷம்" என்றாள். மேலே போய் டப்பாவை மகனிடம் கொடுத்தாள். போன வாரக் காலி டப்பாவை வாங்கிக்கொண்டு இறங்கினாள். அதற்குப் பிறகு பாட்டு இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அனந்தின் பிறந்தநாள். நான் சொல்லி வைத்திருந்த கேக்கை வாங்கப் போனபோது அவன் வந்திருந்தான். மேஜைமேல் ஏத்தங்காய்க் கேக். பக்கத்தில் வரிசையாக ஒன்பது பாக்கெட்டுகள், பின்பக்கம் மேலே தெரிய. ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தான். விஜயம் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் ஓகேம்மா."

"ஒரு துண்டு வாயில போடேண்டா. விடியறதுக்கு முன்னாடி எழுந்து பண்ணிருக்கா" என்றார் சேஷன்.

"நல்ல வாசனையா இருக்கு. இப்போ வயிறு ஃபுல்ப்பா. பேக் பண்ணிக் கொடும்மா, ஃப்ளாட்ல போய்ச் சாப்பிடறேன்."

"பொறந்தநாள் அவனுக்கு, கேக்கு எனக்கு" என்று சேஷன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

விஜயம் பெரிய டப்பாவை எடுத்தாள். மீதிக் கேக் முழுவதையும் உள்ளே வைத்து மூடினாள். சீட்டை ஒட்டி, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்தினாள். பேனாவைத் திறந்து 'லிங்கம்' என்று எழுதினாள். மை காயும்வரை ஊதினாள். பிறகு, எழுத்து மகன் பக்கம் இருக்கும்படி டப்பாவைத் திருப்பி நீட்டினாள்.