சத்தமில்லாத பெட்டி

ரொட்டித் தொழிற்சாலையின் பொட்டலம் கட்டும் பிரிவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவள், இப்போது நாற்பத்தெட்டு. ரொட்டி வெட்டும் இயந்திரம் ஒரு பக்கம், உறை ஒட்டும் இயந்திரம் இன்னொரு பக்கம் தடதடக்க, அந்த இரைச்சலைத் தாண்டி வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கதை சொல்லும் தொண்டை அவளுக்கு மட்டும்தான் இருந்தது. அக்கம்பக்கத்து வம்புக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். முந்தின நாள் வாசித்த நாவலின் கதை.

பத்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவளுக்கு நாவல் எங்கிருந்து வந்தது? கூட வேலை பார்த்த ஒருத்திக்குக் கண்பார்வை போனது, வேலையும் போனது. ரேடியோ அவளுக்குத் தொலைபேசியில் பத்திரிகை வாசித்துக் காட்டினாள். அவள்தான் பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்துக்கு இவளை இழுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து பதினொரு வருடம், நாற்பத்து மூன்று புத்தகங்கள். சம்பளம் கிடையாது, வாசிப்பாளர் பட்டியலில் பெயர் இருக்கும், அவ்வளவுதான். வாத்தியார்கள், வக்கீல்கள், ஒரு டாக்டர், அவர்களுக்கு நடுவில் ரொட்டி கட்டுகிறவள். அதை நினைத்தால் அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

விடியற்காலை ஐந்துக்குத் தொடங்கும் வேலை ஒரு மணிக்கு முடியும். ஒன்றே முக்காலுக்குச் சாமான் அறையில் உட்கார்ந்துவிடுவாள். பழைய பெட்டிகளுக்கும் துணி தேய்க்கும் மேசைக்கும் நடுவில் ஒரு நாற்காலி, நாலு பக்கமும் தொங்கவிட்ட கம்பளி, வாய்க்கு நேரே மைக், காலடியில் கணினி. அது அக்கா வீட்டுக்காரர் புதிது வாங்கியபோது இவள் தலையில் கட்டிய பழசு. பெரிய கம்பெனிச் சரக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லும், இடம் போதவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொள்ளும். யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், அதன் வயிற்றுக்குள் சுற்றிய காற்றாடியைத்தான் தாங்க முடியவில்லை. வெளியே வைத்துப் பார்த்தாள், மைக் வயர் எட்டவில்லை. நீள வயர் போட்டால் அது தனியாக ரீங்காரமிட்டது. தலையணையால் அமுக்கிப் பார்த்தாள். சூடேறி அணைந்து, ஒரு அத்தியாயத்தையே முழுங்கிவிட்டது சனியன்.

முன்பெல்லாம் நூலகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எல்லாரும் காதுக்குள் செருகிக்கொண்டல்லவா கேட்கிறார்கள். அங்கே ஒலிப்பதிவுகளைச் சோதிப்பவரும் பார்வையற்றவர்தான். எல்லாரும் அவரைக் ‘காது’ என்பார்கள். அவர் ஒருநாள் கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க பின்னாடி யாரோ மிக்ஸி ஓட்டுற மாதிரி இருக்கு. போன தடவையும் சொன்னேன். மாசக் கடைசிக்குள்ள ஒரு அத்தியாயம் சுத்தமா வரணும். இல்லேன்னா புதுப் பட்டியல்ல உங்க பேரை விட்டுட வேண்டியதாயிடும்.”

மறுநாள் தொழிற்சாலையில் ரேடியோ வாய் திறக்கவில்லை. வரிசையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. கடைசியில் அங்கே எலக்ட்ரீசியனாக இருப்பவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அடுப்பறைச் சுவரில் சூட்டின் அளவைக் காட்டும் திரைக்கு அருகே அவளைக் கூட்டிக்கொண்டு போனார். திரைக்குப் பின்னால் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி ஒட்டியிருந்தது.

“இதுவும் கணினிதான்க்கா. நாலு வருஷமா இந்த அனல்ல கிடக்குது. காத்தாடியே கிடையாது. விலையும் உங்க மூணு நாள் சம்பளம்தான்.”

வாங்கிவிட்டாள். அக்கா வீட்டுக்காரர் வந்து பார்த்து, “இதுல என்னம்மா ஓடும், எறும்பா?” என்றார். “எது ஓடினாலும் சத்தம் கேக்காம ஓடினா போதும் மாமா” என்றாள் இவள்.

பழைய திரை, பழைய விசைப்பலகை, விரல் நகம் அளவுக்கு ஒரு நினைவக அட்டை. அந்த அட்டையில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு இயங்குதளத்தை எலக்ட்ரீசியனே ஏற்றிக் கொடுத்திருந்தார். சொருகினாள், சுவிட்சைப் போட்டாள். ஒரு சத்தமும் இல்லை. வீணாய்ப் போன பெட்டி என்று பிடுங்கினாள். மறுபடி சொருகினாள், மறுபடி பிடுங்கினாள். மூன்றாம் தடவை பெட்டியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், திரை விடிந்து அவளுக்காகக் காத்திருக்கிறது. பதினொரு வருடம் இரைச்சலைக் கேட்டால்தான் உயிர் இருக்கிறது என்று நம்பிப் பழகியவள் வேறென்ன செய்வாள்?

பொத்தான்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. பதிவு எங்கே போய் உட்காருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. இரண்டு வேலையை ஒன்றாகக் கொடுத்தால் பெட்டி திணறும். இவளுக்கு வேண்டியதோ ஒரே வேலை. சிவப்பு வட்டத்தை அமுக்கினால் பதிவாகும், அது இங்கும் அப்படியே இருந்தது. ஒரு அத்தியாயத்தை வாசித்து, மகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

“சத்தம் சுத்தமா போயிடுச்சு” என்றார் காது. “ஆனா என்னை ஏம்மா திட்டுறீங்க?”

“ஐயோ, நான் எங்கங்க திட்டினேன்?”

“இத்தனை வருஷமா காத்தாடிக்கு மேல கத்தியே வாசிச்சிருக்கீங்க. இப்ப காத்தாடி போச்சு, கத்தல் மட்டும் நிக்குது. இன்னும் ஆறு நாள் இருக்கு, பாருங்க.”

அவள் போட்டுக் கேட்டாள். கணவன் மனைவியிடம் அன்பாகப் பேசும் இடத்தைப் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல வாசித்திருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. சரி, குரலை இறக்கினாள். அது ரகசியம் பேசுவதுபோல ஆனது. கொஞ்சம் ஏற்றினால் மறுபடி தொழிற்சாலை. நாலு நாள் இப்படியே போயிற்று. பெயர் போய்விடும் என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் அவள் வாசித்துக்கொண்டிருந்தது நாவலின் கடைசி அத்தியாயம். இருபது வருடமாகப் பேசாத அண்ணன், தம்பி வீட்டு வாசலில் மழையில் நின்று மணியை அடிக்கிறான். அந்த இடத்தில் சாமான் அறைக் கதவு படாரென்று திறந்தது. அவள் கணவன். பள்ளி வேன் ஓட்டுகிறவன்; மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஏற்றப் போகும்வரை கூடத்தில் குட்டித் தூக்கம் போடுகிறவன் என்பது இவளுடைய எண்ணம்.

“அந்தத் தம்பி கதவைத் திறந்தானா, இல்லையா?”

“ஏங்க, நீங்க தூங்கலையா?”

“எங்கே தூங்குறது? பதினொரு வருஷமா ஒரு மத்தியானம் தூங்கினதில்ல. இப்ப அஞ்சு நாளா முணுமுணுன்னு வாசிக்கிற. சுவத்துல காதை வச்சாலும் பாதிதான் விழுது.”

“எல்லாப் புத்தகமும் கேட்டீங்களா?”

“அந்த வரிச் சட்டப் புத்தகம் மட்டும் முடியல.”

பதிவு கெட்டுப்போன ஆத்திரம் வாய்வரைக்கும் வந்தது. அது வெளியே வருமுன் அழுகை முந்திக்கொண்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றாள்.

“சொன்னா கூச்சப்பட்டு நிறுத்திடுவே.”

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க. மூச்சு விடலாம், பேசக் கூடாது. உம் கொட்டவே கூடாது.”

கதை கேட்கிறவன் உம் கொட்டாமல் இருப்பதா? அத்தியாயத்தை முதலிலிருந்து தொடங்கினாள்; முதல் பக்கத்திலேயே “ம்” என்றான். முறைத்தாள், அந்த வரியை மறுபடி வாசித்தாள். அதற்குப் பிறகு அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டான். கைநீட்டினால் தொடும் தூரத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் எந்த அளவுக்குப் பேசவேண்டுமோ அந்த அளவுக்குக் குரல் தானாக வந்து நின்றது. மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் முடித்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வேனுக்கு ஓடினான். இன்னொரு தரம் கேட்டால் அனுப்பத் தைரியம் வராது என்று அவள் அப்படியே அனுப்பிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துத் தொழிற்சாலையில் கைபேசி அடித்தது. மாவு மூட்டை இறக்கும் பக்கம் போய் எடுத்தாள்.

“அம்மா, இதுல இன்னொருத்தர் குரல் இருக்கு” என்றார் காது. “அண்ணன் மழையில நிக்கிற இடம். பின்னாடி ஒரு ஆம்பளை ‘ம்’னு சொல்றாரு.”

வேறு குரல் விழுந்த பதிவை ஏற்பதில்லை என்பது நூலகத்தின் விதி. மாசக் கடைசியும் முடிந்துவிட்டது.

“என் வீட்டுக்காரருங்க. துண்டையும் மீறி வந்திருக்கும்போல. இன்னைக்கே வெட்டிட்டு அனுப்பிடறேங்க. ஒரே ஒரு நாள் கொடுங்க.”

“வெட்டாதீங்கம்மா. பட்டியல் காலையிலேயே அச்சுக்குப் போயாச்சு, உங்க பேர் இருக்கு. அந்த இடத்துல நானும் ‘ம்’னுதான் சொன்னேன்.”