வேம்புலியம்மாளின் கைமணம்

திருமுல்லைவாயில் வேம்புலியம்மாளுக்குத் தன் சமையலைப் பற்றி எந்த மயக்கமும் இருந்ததில்லை. அவள் வைக்கிற குழம்பில் ஒரு நாள் உப்பு இருக்காது. மறுநாள் உப்பைத் தவிர வேறெதுவும் இருக்காது. கல்யாணமான புதிதிலிருந்தே புருஷன் தசரதன் முதல் கவளத்திலேயே முகத்தைச் சுளிப்பார்.

"இன்னாடி இது, மாட்டுக்கு வெச்ச கழனித்தண்ணியா?"

அவளும் சிரித்துக்கொண்டே மோரை ஊற்றுவாள்.

அப்படிப்பட்டவர் யுத்த காலத்தில் ஒரு பங்குனி மாதம் இரண்டாம் முறை குழம்பு கேட்டார். மறுநாள் மூன்றாம் முறையும் கேட்டார். வேம்புலியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. கைமணம் சிலருக்குத் தலை நரைத்த பிறகுதான் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அரிசி கிடைக்காமல் ஊரே அல்லாடிய நேரம். தன் பங்குச் சோற்றையும் அவர் தட்டில் தள்ளிவிட்டு இவள் கூழைக் குடித்தாள். பக்கத்து வீட்டுச் சொர்ணத்தைக் கூப்பிட்டுக் கத்திரிக்காய்க் குழம்பின் பக்குவம் வேறு சொல்லிக்கொடுத்தாள். சொர்ணம் நன்றாகச் சமைப்பவள். பாவம், வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

தசரதன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். காரம் தூக்கலோ என்று மிளகாயைக் குறைத்தாள். அடிக்கடி வேலியோரம் போனார். அவ்வளவு தண்ணீர் குடித்தால் போகாமல் என்ன செய்வார்? கீரைப் பாத்தியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே சோம்பல்பட்டார். வயிறு நிறையச் சாப்பிட்டவருக்கு அசதி வராதா என்று அந்தப் பெருமையையும் தன் குழம்புக்கே கொடுத்தாள்.

துவைக்கப் போட்ட வேட்டியில் எறும்பு மொய்த்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"எனுக்குத் தெரியாம வெல்லம் துன்னுகினு கீறியா? என் கொழம்பு பத்தலியா உனுக்கு?"

"வெல்லத்தக் கண்ணால பாத்தே எத்தினி நாளாச்சு, போடி."

நம்பாமல் அவர் மடியைத் தடவினாள். வெல்லம் இல்லை. அரைஞாண் கயிறு அவள் கையோடு வழுக்கித் தொடை வரை இறங்கியது. பொங்கலுக்கு அவளே கட்டிவிட்ட கயிறு. அன்று சதையில் பதிந்து கிடந்தது. இன்று அவள் விரலில் இடுப்பெலும்பு தட்டியது.

மூன்று ஆள் சோறு தின்கிறவர் எப்படி இளைப்பார்? தினம் எதிரில் உட்கார்ந்து பரிமாறியவள் தட்டைப் பார்த்தாளே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

"கெளம்புய்யா, பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு."

"களை எடுக்கணும்டி."

"களை எங்கியும் ஓடாது."

ரயிலிலேயே அவர் துவண்டு அவள் தோளில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மூத்திரத்தைக் காய்ச்சிப் பார்த்த டாக்டர், நீரிழிவு முற்றியிருக்கிறது, பிழைப்பதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். எப்போதிலிருந்து இப்படிச் சாப்பிடுகிறார் என்றும் கேட்டார். "என் சமையல் நல்லா ஆனதுலேந்து" என்று சொல்ல வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஊசி மேல் ஊசி போட்டார்கள். அவர் கண் திறக்காமல் கிடந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து பச்சையம்மனை வேண்டிக்கொண்டாள். இந்த மனுஷன் பிழைத்தால் போதும், கைமணமெல்லாம் நீயே வைத்துக்கொள் தாயே என்று அழுதாள்.

அம்மன் இரண்டையும் கேட்டுக்கொண்டாள். ஊருக்குத் திரும்பிய பிறகு டாக்டர் சொன்ன அளவுதான் சோறு. அவர் குறை சொல்லாமல் சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் வேம்புலியம்மாளின் கண் அவர் அரைஞாண் கயிற்றுக்கே போகும். ஒரு மத்தியானம் முதல் கவளத்திலேயே அவர் முகம் சுளித்தது.

"இன்னாடி இது, மாட்டுக்கு வெச்ச கழனித்தண்ணியா?"

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். தசரதன் பயந்துபோனார்.

"சும்மா சொன்னேன்டி. நல்லாத்தான் கீது."

"வாணாய்யா," என்றாள் அவள். "நல்லா இல்லன்னே சொல்லு."