ராத்தாவின் காலும் "சலங்கை"யின் காலும்

மாவுக்கட்டுப் போட்ட காலுக்கென்று ஒரு வாசம் உண்டு. நனைந்த சுண்ணாம்பும் பழைய வேர்வையும் கலந்த அந்த வாசமும், கட்டுக்குள் ஈர்க்கை விட்டு ராத்தா, என் அக்கா, சொறிகிற சத்தமும் என் பதினோராவது வயதின் மழைக்காலம் முழுவதும் எங்கள் புத்தளத்து வீட்டின் முன்னறையில் நிறைந்திருந்தன. முந்தலில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து ராத்தாவின் வலது கால் முறிந்தது ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில்தான், படப்பிடிப்பு மேடையிலிருந்து விழுந்து "சலங்கை"யின் வலது கால் முறிந்த செய்தியும் வந்திருந்தது.

"சலங்கை" என்பது சினிமாவில் ஆடிய ஒரு நடனக்காரிக்கு எங்கள் தெரு வைத்த பெயர். கூட்ட நடனத்தில் மூன்றாம் வரிசையில் ஒரு முகமாகத் தொடங்கியவர், பிறகு படத்துக்கு ஒரு பாட்டு ஆடினார், பிறகு அந்த ஒரு பாட்டுக்காகவே படங்கள் ஓடின, கடைசியில் கதாநாயகியானார். அந்த ஏற்றத்தை நான் ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். பாட்டுப் புத்தகத்தின் அட்டையை வெட்டி ஒட்டி, படம் வெளியான ஆண்டு, எங்கள் ஊருக்கு வந்த நாள், அவர் பெற்ற பதக்கம், பட்டம் என்று ஒன்றும் விடமாட்டேன். எங்கள் கொட்டகைக்குப் படங்கள் வரிசைப்படி வருவதில்லை. இந்த மாதம் கதாநாயகியாக வந்தவர் அடுத்த மாதம் மூன்றாம் வரிசைக்குப் போய்விடுவார். அதனால், தொடக்கத்தில் திரையில் சில கணங்கள் நிற்கும் தணிக்கைச் சான்றிதழின் திகதியைத்தான் நம்பினேன். எல்லாரும் விசிலடிக்கும் நேரத்தில் நான் அதை வாசித்துக்கொண்டிருப்பேன். பகற்காட்சிக்கு என்னைக் கூட்டிப்போகும் மாமி, வாப்பாவின் தங்கை, "இந்தப் புள்ள படம் பாக்க வாறல்ல, கடதாசி பாக்க வாற" என்பார்.

சிலாபம் ஆஸ்பத்திரியில் ராத்தாவின் மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். எலும்பு பொருந்திவிட்டது, நடக்கலாம் என்றார்கள். ராத்தா காலைத் தரையில் வைக்கவில்லை. வைத்தால் திரும்பவும் முறியும் என்ற பயம் அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தது. நடக்காவிட்டால் கால் அப்படியே விறைத்துப்போகும் என்று டொக்டர் எச்சரித்தார். வாப்பா கெஞ்சினார், உம்மா அழுதார். "சலங்கைக்கே இனி ஆட ஏலாதாம். எனக்கு மட்டும் ஏலுமா?" என்று பத்திரிகையைக் காட்டி ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கால் நாளுக்கு நாள் மெலிந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாவது சனிக்கிழமை, கொட்டகையில் சலங்கையின் படமொன்று வந்தது. கிணற்று விளிம்பைப் போன்ற ஒடுங்கிய வளையத்தின்மேல், கீழே ஒருமுறைகூடப் பார்க்காமல், அவர் சுற்றிச் சுற்றி ஆடினார். மேளம் வேகமெடுக்க எடுக்க முகம் அமைதியானது. அப்படி ஒன்றை மனித உடம்பு செய்யும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. இப்போது நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. "கால் சரியாயிட்டுடா!" என்று யாரோ கத்த, உப்பளத்து ஆட்கள் கதிரைகளின்மேல் ஏறி நின்று கைதட்டினார்கள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் தெரிந்திருந்தது, சான்றிதழின் திகதி அவர் விழுவதற்கு மூன்று வருடம் முந்தியது என்று.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமி, "கால் முறிஞ்சவ பம்பரமாச் சுத்துறா புள்ள! நீ என்னெண்டா தலகாணியக் கட்டிப்புடிச்சிட்டுக் கிடக்கிற!" என்றார்.

ராத்தா அவரை நம்பவில்லை. என்னைப் பார்த்தார். "நீ திகதி பாக்கிறவ. சொல்லு, இது விழுந்ததுக்குப் பொறகு எடுத்த படமா?"

"ஓம்" என்றேன்.

கொப்பியிலும் அப்படியே எழுதினேன், ராத்தா எடுத்துப் பார்ப்பார் என்ற பயத்தில். திங்கட்கிழமை காலை, சுபஹு தொழுகை முடிந்து வாப்பா உள்ளே வந்தபோது, ராத்தா அலுமாரியைப் பிடித்தபடி இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தார்.

சலங்கை உண்மையாகவே எழுந்து ஆடிய படம் அதற்கு அடுத்த வருடம்தான் வந்தது. அதற்காகத்தான் அரசு விருது. பிறகு கௌரவ கலாநிதிப் பட்டம். சென்ற மாதம் வாழ்நாள் சாதனை விருது. எல்லாம் சரியான திகதியோடு என் கொப்பியில் இருக்கின்றன, அந்த ஒரு பொய் வரியைத் தவிர.

விருது விழாவை ராத்தாவின் கைத்தொலைபேசியில் இருவரும் பார்த்தோம். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தளபாடக் கடை. திரை நின்ற சுவரில் கட்டில்களைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். விழாவில் அந்த அடுத்த வருடத்துப் படத்தின் நடனத்தைக் காட்டினார்கள். ராத்தா தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"வலது காலப் பாருடி. பாரம் முழுக்க இடதுல. வலது நுனிய மட்டும் தொட்டு எடுக்கிறா. படி ஏறக்குள்ள நானும் இப்பிடித்தான்."

அந்தப் பாட்டை எத்தனையோ தடவை பார்த்து எழுதியவள் நான். எனக்கு அது தெரிந்ததே இல்லை. வலியை மறைத்து அப்படி ஆடியவரின் முன் என் கொப்பி முழுவதும் சிறுத்துப்போனது. அப்போதுதான் சொன்னேன், அந்தப் பெருநாள் மாதத்துப் படம் பழையது என்று.

ராத்தா சத்தத்தைக் குறைத்தார். "அப்ப, நான் எழும்பி நிண்ட அண்டைக்கு அவ?"

"கட்டில்லதான் ராத்தா. கட்டோட."

கோபிப்பார் என்று காத்திருந்தேன். திரையில் சலங்கை விருதை வாங்கிக்கொண்டு, ஊன்றுகோலோடு மெல்லப் படி இறங்கிக்கொண்டிருந்தார். ராத்தா அவரைப் பார்த்தபடியே வலது காலை நீட்டி மடக்கினார்.

"அப்ப நான்தான் முந்தி நடந்திரிக்கன்" என்றார். "அந்தக் கொப்பிய எடு. எழுது."