சொம்பில் வந்த கப்பல்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனில் தந்தி அடிக்கும் என் தோஸ்து. ரேடியோ லைசென்ஸ் வாசலைப் பார்த்து மாட்டியிருந்தது. போலீஸ் வந்தால் தேடக் கூடாதே.

ரேடியோவில் கேட்க ஹெட்போன் வாங்க மச்சான் பதினோரு ரூபாய் கடன் கொடுத்திருந்தார். கப்பல் தந்தி ஒன்றையாவது பிடித்துக் காட்டினால் கடன் தள்ளுபடி. இல்லையென்றால் மாலையே ஹெட்போன் அவரோடு போய்விடும். தோஸ்துதான் நடுவர். எனக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுக்க அவன் வாயைத் திறக்கக் கூடாது.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஏரியல் கம்பியில் இடி விழுமோ, காதில் கரண்ட் ஏறுமோ என்று. மோர்ஸ் என்கிற தந்திப் பாஷையில் மட்டும் பயமில்லை. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன்தான், ஆனால் தண்டையார்பேட்டை கிடங்கில் பெட்டிகள்மேல் இங்கிலீஷ் எழுத்து அடிக்கிறவன். தோஸ்து ரயில்வே தந்திக் கருவி மாதிரியே தகர டப்பாவில் ஒன்று செய்து கொடுத்திருந்தான். கம்பி விழும்போது ஒரு டக், எழும்போது ஒரு டக். நடுவில் இடைவெளி குறைந்தால் புள்ளி, நீண்டால் கோடு. எட்டு மாதம் வீடு முழுக்க அந்தச் சத்தம்தான்.

மூன்று மணிக்குக் கப்பல் காதில் வந்தது. டக்கே இல்லை. கொசு மாதிரி விசில். ஓர் எழுத்தும் புரியவில்லை.

"இன்னா மாப்ளே, கப்பலு பேசுதா, அழுவுதா?"

"விசில் அடிக்குது மச்சான்."

தோஸ்துவின் முகம் வெளுத்தது. ரயில்வே தந்தியில் விசில் கிடையாது என்பது அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

என் மனைவி ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள். "இதுக்கா மூஞ்சி இப்டி கீது? விசிலு ஆரம்பிச்சா ஒரு தட்டு, நின்னா ஒரு தட்டு. உன் டப்பா அதத்தான பண்ணிகினு இருந்துது" என்று சொம்பைக் கவிழ்த்துக் கரண்டியால் தட்ட ஆரம்பித்தாள்.

டக், டக். எனக்குத் தலை கிறுகிறுத்தது. எழுத்துகள் வந்துகொண்டே இருந்தன. கப்பல்காரனும் புதுசு போலிருக்கிறது, மெதுவாக, சொன்னதையே மூன்று தரம் சொன்னான். நான் எழுதி முடித்த இங்கிலீஷைத் தோஸ்து படித்து அர்த்தம் சொன்னான்: ஐந்து மணிக்குத் துறைமுகம் வருகிறோம்.

நாலரைக்கே நான்கு பேரும் கடற்கரையில் நின்றோம். கப்பல் வராவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதிய காகிதத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் வடக்கே புகை தெரிந்தது. தோஸ்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். நானே கூப்பிட்டு அது வந்தமாதிரி அந்தக் கப்பலுக்குக் கையாட்டினேன்.

மச்சான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "பென்சிலு உன்து, காது என் தங்கச்சிது. ஹெட்போன வெச்சிக்கோ. பாதி துட்டுதான் தள்ளுபடி."

நடுவரும் தலையாட்டிவிட்டான். ஐந்து ரூபாய் எட்டணா இன்னும் பாக்கி.